மௌரீன் மிஸ்ஸுக்குக் குரல் இறங்கிய வருஷம்

பெங்களூர் காக்ஸ் டவுனில் மௌரீன் மிஸ் விசில் ஊதினால் ரோட்டில் போகிற ஆட்டோக்காரர்கள்கூட பிரேக் போடுவார்கள் என்று பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பார்கள். பெண்கள் படிக்கும் கான்வென்ட் பள்ளி ஒன்றில் பதினேழு வருடமாக அவள் விளையாட்டு ஆசிரியை. நாற்பத்து மூன்று வயது. த்ரோபாலோ கோகோவோ, ஓரமாக நின்று சொல்லிக்கொடுக்கிற வழக்கமே அவளுக்குக் கிடையாது. பிள்ளைகளோடு சேர்ந்து ஓடுவாள். ஓடிக்கொண்டே திட்டுவாள்.

1997 பிறந்தபோது அந்த ஓட்டம் நின்றுபோயிருந்தது. ஜனவரியில் குடியரசு தின அணிவகுப்புக்குப் பயிற்சி கொடுக்கும்போது ஒரு நாற்காலி கேட்டாள். ஒரு வாரம் கழித்து அதை வேப்பமர நிழலுக்குத் தூக்கிப் போடச் சொன்னாள். பிப்ரவரியில் ஒருநாள் அந்த நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். கோகோ ஆடிக்கொண்டிருந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. துரத்துகிறவளும் துரத்தப்படுகிறவளும் நின்ற இடத்திலேயே நின்று, மிஸ் எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

வீட்டில் வேறு விதமான தொல்லை. அவள் கணவன் மைக்கேல்ராஜ் டெலிபோன் இலாகாவில் கேபிள் பழுது பார்க்கிறவன். வெயிலில் குழிக்குள் இறங்கி வேலை செய்துவிட்டு வந்து மின்விசிறியைப் போட்டால், அவள் போய் அணைத்துவிடுவாள்.

"மார்ச் மாசம் மௌரீன் இது. ஊரே வேர்த்துக் கொட்டுது. நீ என்னன்னா ஸ்வெட்டரைப் போட்டுட்டு உக்காந்திருக்க."

"எனக்கு குளிருதுங்க. நான் என்ன வேணும்னா பண்றேன்?"

குளிர் மட்டும் இல்லை. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. கணுக்கால் வீங்கியிருக்கும். தோள் வலிக்கும், முட்டி வலிக்கும். முகம் உப்பி, கண்ணாடியில் பார்த்தால் யாரோ தூரத்து உறவுக்காரி மாதிரி இருந்தது. மெடிக்கல் ஷாப்காரர் வாதம் என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்தார். அதைச் சாப்பிட்டதில் வலி கொஞ்சம் அடங்கியது, வயிறு எரிய ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரி வாயு என்றாள். பள்ளித் தலைமை சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வருடம் லைப்ரரியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று இரண்டு முறை அவள் காதுபடச் சொன்னார். மௌரீனுக்கு அதுதான் வலித்தது. பதினேழு வருடம் எத்தனையோ பிள்ளைகளைச் சோம்பேறி என்று திட்டியவள், இப்போது படியேற யோசிக்கிற தன்னை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியாமல் இருந்தாள்.

விஷயத்தை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை. மௌரீனும் இருக்கிற மாதா கோவில் பாடகர் குழுவை நடத்துகிற ஆம்ப்ரோஸ். ரயில்வே ஆபீஸில் குமாஸ்தாவான அவர், சாயங்காலம் ஆறு மணிக்கு ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்தால் வேறு மனிதர். பாடுகிற பதினெட்டுப் பேரில் எவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, எவர் வெளியே வெங்காய பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று குரலை வைத்தே சொல்லிவிடுவார்.

ஈஸ்டர் பாட்டுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஆம்ப்ரோஸ் சட்டென்று கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க. பொம்பளைங்க பக்கத்துலருந்து ஒரு ஆம்பளைக் குரல் வருது. யாரது?"

எல்லோருடைய கண்களும் மௌரீன் பக்கம் திரும்பின.

"மௌரீன், நீ போய் ஆம்பளைங்க வரிசையில நில்லும்மா. அங்க ஆளும் கம்மியா இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். மௌரீனும் சிரித்துக்கொண்டே இடம் மாறி நின்றாள். பாட்டு முன்னைவிட நன்றாகவே வந்தது. பயிற்சி முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஆம்ப்ரோஸ் அவளிடம் வந்தார். முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"தப்பா எடுத்துக்காத. கிறிஸ்துமஸ் பாட்டுலயே உன் குரல் இறங்கிடுச்சு. அப்போ சளின்னு நெனச்சேன். சளின்னா பத்து நாள்ல போயிடும். இது மூணு மாசமா இறங்கிட்டே இருக்கு. எதுக்கும் டாக்டரைப் பாரு."

"வாதத்துக்கு மாத்திரை சாப்பிடறேன் அண்ணே."

"வாதம் வந்தா முட்டி வலிக்கும். தொண்டை எதுக்கு இறங்குது?"

வழியெல்லாம் அந்தக் கேள்வி அவள் கூடவே வந்தது.

மார்க்கெட்டை ஒட்டி ஒரு மாடியில் டாக்டர் சுனிதா புதிதாக கிளினிக் வைத்திருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. வீட்டில் கன்னடம் பேசுகிறவர், நோயாளிகளிடமிருந்தே தமிழ் கற்றுக்கொண்டவர். மைக்கேல்ராஜோடு வந்த மௌரீன் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டார், நாடியைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், எச்சிலை விழுங்கச் சொன்னார். பிறகு ஒரு விநோதமான காரியம் செய்யச் சொன்னார்.

"மேடம், இந்தச் சேர் மேல முட்டி போட்டு, சுவத்தைப் பாத்து நில்லுங்க. பாதம் ரெண்டும் சும்னே, சும்மா, வெளிய தொங்கட்டும்."

பள்ளியில் பிள்ளைகளை முட்டி போடச் சொல்கிறவள் நாற்காலி மேல் ஏறி முட்டி போட்டாள். டாக்டர் சின்ன ரப்பர் சுத்தியலால் குதிகாலுக்கு மேலே ஒரு தட்டுத் தட்டினார். இன்னொரு தட்டு. அப்புறம் சிரித்தேவிட்டார்.

"மைக்கேல் சார், இங்க வந்து நீங்களே பாருங்க. தட்டினா பாதம் டக்குனு போகுது. ஆனா திரும்பி வர்றப்போ பாருங்க. யோசிச்சு, யோசிச்சு, நிதானமா வருது. அல்வா, இல்லையா?"

மைக்கேல்ராஜ் குனிந்து பார்த்தான். உண்மைதான். அவன் மனைவியின் பாதம் அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டதைப் பற்றிக் கவலையே இல்லாத ஆள் மாதிரி மெதுவாக இறங்கி வந்தது.

"தைராய்டா இருக்கும்னு நினைக்கிறேன். ரத்தம் குடுத்துட்டுப் போங்க. வீட்ல அம்மா, அக்கா தங்கச்சி யாருக்காவது இந்த மாதிரி இருக்கா?"

"யாருக்கும் இல்ல டாக்டர்," என்றாள் மௌரீன்.

இரண்டு நாளில் ரிப்போர்ட் வந்தது. ஐந்துக்குள் இருக்க வேண்டிய எண் அறுபத்தெட்டு இருந்தது. மௌரீனுக்குப் பயமாகிவிட்டது.

"அவ்ளோ அதிகமா சுரக்குதா டாக்டர்?"

"இல்ல, இல்ல. தலைகீழ். நீங்க கிரவுண்டுல நின்னு விசில் ஊதறீங்க. ஒரு பொண்ணு ஓடவே மாட்டேங்குது. என்ன பண்ணுவீங்க?"

"இன்னும் சத்தமா ஊதுவேன்."

"அதான் இந்த அறுபத்தெட்டு. மூளை ஊதற விசில் சத்தம். கழுத்துல இருக்கற சுரப்பி ஓடல, அது பாட்டுக்கு உக்காந்திருக்கு."

டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒன்றை வரைந்தார். அந்தச் சுரப்பி அனுப்புகிற ஹார்மோனை வைத்துத்தான் உடம்பின் ஒவ்வொரு மூலையும் எந்த வேகத்தில் வேலை செய்வது என்று தெரிந்துகொள்கிறது என்றார். அது குறைந்தால் இதயம் நிதானமாகும், சூடு குறையும், குடல் சோம்பும், தசை சோரும்.

"சரி, அது ஏன் உக்காந்துடுச்சு?" என்று மைக்கேல்ராஜ் கேட்டான். கேபிள் ஏன் போச்சு என்று கேட்காமல் ஒட்டுப் போடுகிற ஆள் இல்லை அவன்.

"உடம்புல கிருமியோட சண்டை போட ஒரு காவல் படை இருக்கு இல்லையா? சில பேருக்கு அந்தப் படை ஆள் தெரியாம சொந்தச் சுரப்பியையே அடிக்கும். அடி வாங்கின இடத்துல அழற்சி. சின்னதா நெருப்பு மாதிரி, வருஷக்கணக்கா உள்ளயே புகையும். வலிகூட தெரியாது. சுரப்பி கொஞ்சம் கொஞ்சமா கெட்டுப் போகும். ஹார்மோன் குறைஞ்சதும் தோல்லயும் மூட்டுலயும் தண்ணி கோத்துக்கும். அதான் விரல் மடங்கல, முகம் உப்பிப்போச்சு. குரல் நாண்கூட தடிச்சிடும்."

"அப்போ வாத மாத்திரை?"

"அதைத் தூக்கிப் போடுங்க. இது வாதமே இல்ல."

தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. காபி அரைமணி நேரம் கழித்துத்தான். முதலில் சின்ன அளவு, ஆறு வாரம் போனபின் பார்த்துக் கூட்டலாம் என்றார் டாக்டர். வாழ்நாள் பூராவும் சாப்பிட வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். மாத்திரையைக் கையில் வாங்கிப் பார்த்தாள் மௌரீன். கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. இதுவா தன்னைத் தூக்கி நிறுத்தப் போகிறது என்று அவளுக்கு நம்பிக்கையே வரவில்லை.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. கோடை விடுமுறை. தூங்கினாள், எழுந்தாள், தூங்கினாள். நான்காவது வாரம் மைக்கேல்ராஜ் வேலையிலிருந்து வந்தபோது வீட்டில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"யார் போட்டது?"

"நான்தான். புழுக்கமா இல்ல?"

அவன் போய் அதன் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டே இருந்தான்.

மே கடைசியில் டாக்டர் அளவைக் கூட்டினார். ஜூனில் பள்ளி திறந்தபோது மௌரீன் நாற்காலி கேட்கவில்லை. விரல்கள் மடங்கின, விசில் கேட்டது. ஆனால் முன்பு மாதிரி மூன்று சுற்று ஓட முடியவில்லை. இரண்டாவது சுற்றிலேயே மூச்சு வாங்கியது. லைப்ரரிக்கு இன்னும் ஆள் போடாமல் இருந்தார்கள். அவளுக்கு அவசரம். பதினேழு வருடம் பிள்ளைகளை இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று விரட்டியவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு மாத்திரையில் இவ்வளவு தெம்பு என்றால் இரண்டில் எவ்வளவு வரும்? யாரிடமும் சொல்லாமல் மறுநாள் காலை இரண்டு போட்டுக்கொண்டாள்.

இரண்டு வாரம் பிரமாதமாகப் போயிற்று. மூன்றாவது வாரம் பிரமாதம் கொஞ்சம் அளவு மீறியது. காலை ஐந்து மணிக்கு எழுந்து ஜன்னல் திரைகளையெல்லாம் துவைத்தாள். இரும்பு பீரோவைத் தனியாகவே தள்ளி வேறு சுவரோரம் வைத்தாள், அது பிடிக்காமல் பழைய இடத்துக்கே தள்ளினாள். சாரலில் பத்தாம் வகுப்பை நான்கு சுற்று ஓடவிட்டாள். தானும் ஓடினாள். பிள்ளைகள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது இவள் மட்டும் நிற்க முடியாமல் அதே இடத்தில் குதித்துக்கொண்டிருந்தாள். தலைமை சிஸ்டரிடம் போய், லைப்ரரி வேலையை யாருக்காவது கொடுங்கள், எனக்கு வேண்டாம் என்று கேட்காததற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வந்தாள். சிஸ்டர் பேனாவை மூடாமலே கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

காபி டம்ளரைத் தூக்கினால் கை நடுங்கியது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு திடுதிடுவென்று அடித்தது. தட்டு நிறையச் சாப்பிட்டும் உடம்பு இளைத்தது.

ஒருநாள் மைக்கேல்ராஜ் மாத்திரை டப்பாவை மேசை மேல் கவிழ்த்தான். ஒன்றும் விழவில்லை.

"மௌரீன், இது மாசம் பூரா வரணும். இன்னிக்கு பதினஞ்சாம் தேதி."

"கீழ விழுந்திருக்கும்."

"பாதி டப்பாவுமா கீழ விழுந்துச்சு?"

அவள் டப்பாவை நிமிர்த்தி மூடியைப் போட்டாள். அப்புறம் சின்னக் குரலில் சொன்னாள், "சீக்கிரம் சரியாகணும்னுதாங்க. ரெண்டு ரெண்டா..."

அவன் திட்டவில்லை. ஸ்கூட்டரைக் கிளப்பி நேராக கிளினிக்குக்கு அழைத்துப் போனான். திட்டுகிற வேலையை டாக்டர் சுனிதா பார்த்துக்கொண்டார். நாடியைப் பிடித்ததும் அவர் முகம் மாறியது. கோபத்தில் அவருக்குத் தமிழ் போய்க் கன்னடம் வந்துவிட்டது, அது அடங்கிய பிறகுதான் தமிழ் திரும்பியது.

"மேடம், இது ஓட்டப் பந்தயம் கிடையாது. குறைஞ்சாலும் கஷ்டம், கூடினாலும் கஷ்டம். இதயத்தோட தாளம் தப்பிப் போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? எலும்பு வேற தேஞ்சு போகும். நடுவுல நிக்கணும். நடுவுல நிக்கறதுதான் ஆரோக்கியம்."

தன்னைவிடப் பதினான்கு வயது சின்னவளிடம் தலையைக் குனிந்து திட்டு வாங்கிக்கொண்டாள் மௌரீன். சில நாள் மாத்திரையை நிறுத்தி வைத்து, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள். செப்டம்பரில் எண் மூன்றுக்கு வந்தது. மூன்று சுற்று ஓட முடிந்தது. முடியாத நாளில் இரண்டோடு நிறுத்திக்கொள்ளவும் கற்றுக்கொண்டாள். சிஸ்டர் லைப்ரரிக்கு வேறு ஆளைப் பார்த்துவிட்டார்.

தசரா விடுமுறைக்கு மௌரீன் கேஜிஎஃப் போனாள். அவள் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் அங்கேதான். அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர். அக்கா ஞானம்மாள் சாம்பியன் ரீஃப்ஸ் பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடு ஒன்றில் இருக்கிறாள். அத்தானும் சுரங்கத்தில்தான், ஷிஃப்ட் வேலை.

ஞானம்மாளுக்கு வீட்டில் பெயரே தூங்குமூஞ்சி. ஐம்பதை நெருங்குகிறாள். ஒரு புடவையைக் கொடியில் போட்டுவிட்டு வந்து பத்து நிமிடம் உட்காருவாள். குழம்பை அடுப்பில் வைத்துவிட்டுத் தூங்கிவிடுவாள். அத்தான் திட்டுவார், மாமியார் இருந்தவரை அவரும் திட்டினார், அம்மாவும் இருந்தவரை தலையில் அடித்துக்கொண்டாள். போகிற போதெல்லாம் மௌரீனும் தன் பங்குக்கு, "எழுந்து நாலு நட நடந்தா எல்லாம் சரியாயிடும்," என்று சொல்லிவிட்டு வருவாள். ஞானம்மாள் எதற்கும் எதிர்த்துப் பேசுவதில்லை. அது அவள் குணம் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

அன்று மத்தியானம் ஞானம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

"வா மௌரீன்," என்றாள். தடித்த, கரகரத்த குரல்.

மௌரீன் பையைக் கீழே வைக்காமல் அப்படியே பார்த்தாள். உப்பிய முகம். புருவத்தின் வெளி ஓரங்களில் முடியே இல்லை. ஒரு காயை உரித்துவிட்டு அடுத்த காயை எடுப்பதற்குள் கை ஓய்ந்து மடியில் விழுகிறது. எத்தனையோ வருடமாகப் பார்க்கிற முகம்தான். வீட்டில் யாருக்காவது இருக்கிறதா என்று டாக்டர் கேட்டபோது யோசிக்காமல் இல்லை என்று சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"அக்கா, எழுந்து உள்ள வா. அந்தச் சேர் மேல முட்டி போடு."

"என்னது?"

"போடு சொல்றேன். சுவத்தைப் பாத்து."

ஞானம்மாள் தங்கையைச் சந்தேகமாகப் பார்த்தாள். ஆனாலும் எதிர்த்துப் பேசி வழக்கமில்லாதவள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறி முட்டி போட்டாள். மௌரீன் சமையலறைக்குப் போய்ச் சப்பாத்திக் கட்டையை எடுத்து வந்தாள். ஷிஃப்ட் முடிந்து படுத்திருந்த அத்தான் அதைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, அவளை எதுக்கும்மா அடிக்கிற?"

"அடிக்கல அத்தான். பாதத்தை மட்டும் பாருங்க."

கட்டையின் கைப்பிடியால் குதிகாலுக்கு மேலே மெல்லத் தட்டினாள். பாதம் டக்கென்று போயிற்று. பிறகு நிதானமாக, மிக நிதானமாகத் திரும்பி வந்தது. மௌரீனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

மறுநாள் காலை பாசஞ்சர் ரயிலில் அக்காவைப் பெங்களூருக்குக் கூட்டி வந்தாள். பங்காருப்பேட்டை தாண்டுவதற்குள் ஞானம்மாள் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். டாக்டர் சுனிதா பார்த்தார், ரத்தம் எடுத்தார். எண் நூறைத் தாண்டியிருந்தது. இது அக்கா தங்கைகளுக்குள் வரக்கூடியதுதான், இந்த அம்மாவுக்குப் பல வருடமாக இருந்திருக்க வேண்டும் என்றார்.

ஞானம்மாள் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"அப்போ நான் சோம்பேறி இல்லையா டாக்டரம்மா?"

"இல்லம்மா. இவ்ளோ குறைவா வெச்சுக்கிட்டு மூணு பிள்ளைங்களை வளத்து, சமைச்சுப் போட்டிருக்கீங்க. நானா இருந்தா கட்டில விட்டே இறங்கியிருக்க மாட்டேன்."

ஞானம்மாள் அழவில்லை. ரிப்போர்ட்டை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அதை அவள் கேஜிஎஃபில் யார் யாருக்குக் காட்டினாள் என்பது அப்புறம் தெரிந்தது. லைன் வீடு ஒன்று விடாமல் காட்டியிருக்கிறாள். படியிறங்கும்போது மௌரீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும்தான் உன்னை அப்படிச் சொன்னேன் அக்கா. மன்னிச்சுக்கோ."

"விடு. உனக்கு மட்டும் என்ன தெரியும்," என்றாள் ஞானம்மாள்.

டாக்டர் அவளுக்கு மிகச் சின்ன அளவில் ஆரம்பித்து, மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லி, மெல்ல மெல்லக் கூட்டினார். இரண்டு மாத்திரை போடுகிற புத்தி வரக்கூடாதென்று மௌரீன் டப்பாவை அத்தான் கையில் கொடுத்திருந்தாள். மறுவருடம் மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானம்மாள் தனியாக ரயிலேறி வந்து, ஸ்டேஷனிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்து நின்றாள். முகம் வடிந்து, பழைய போட்டோவில் இருக்கிற ஞானம் திரும்பியிருந்தாள். ஸ்வெட்டர் இல்லை. காபியைக்கூட வாங்கவில்லை.

"அம்மா செத்தப்போ அந்தத் தையல் மெஷினை நீ தூக்கிட்டு வந்துட்ட," என்றாள்.

மௌரீனுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை.

"அக்கா, அது ஆகிப்போச்சு ஒம்போது வருஷம்!"

"ஒம்போது வருஷமா மனசுலதான் இருந்துச்சு. அம்மா எனக்குன்னுதான் சொல்லி வெச்சிருந்தாங்க. அன்னிக்கு கேக்கணும்னு வாயெடுத்தேன், தெம்பில்ல. யாரு சண்டை போடறதுன்னு விட்டுட்டேன். இப்போ தெம்பு இருக்கு. குடு."

"நான் தைக்கறதே இல்லக்கா, மேல துணி போட்டு வெச்சிருக்கேன்."

"அதான் சொல்றேன், குடு. உங்க அத்தான்கிட்டயும் போன வாரம் பதினாறு விஷயம் கேட்டுட்டேன். மனுஷன் ரெண்டு நாளா டீக்கடையிலதான் இருக்காரு."

உள் அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மைக்கேல்ராஜ் தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டான். தாள் குலுங்கியது. மௌரீன் முதலில் கோபித்துக்கொள்ளப் பார்த்தாள், முடியாமல் சிரித்துவிட்டாள். ஞானம்மாளும் சிரித்தாள். ஆனால் கோரிக்கையை விடவில்லை.

சாயங்காலம் மூன்று பேருமாக மெஷினைச் சாக்குப் போட்டுக் கட்டி, ஆட்டோவில் ஏற்றி, கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். கேஜிஎஃப் வழியாகப் போகிற மாரிக்குப்பம் வண்டி கிளம்ப ஐந்து நிமிடம் இருந்தது. போர்ட்டரைக் கூப்பிடட்டுமா என்று மைக்கேல்ராஜ் கேட்டான். ஞானம்மாள் வேண்டாம் என்றாள். மெஷினின் ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள், மறுபக்கத்தை மௌரீன் பிடித்தாள், இரண்டு பேரும் வேகமாக நடந்து கடைசிப் பெட்டியில் ஏற்றினார்கள்.